அக்கா குடித்த இலைச்சாறு

என் அக்கா அந்த இலைச்சாற்றைக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு என் வேலையைப் பார்த்துப் பயம் வந்தது. அதற்கு முன்னால் அது ஒரு வேலை, அவ்வளவுதான். தாம்பரத்தைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரி. அதன் மேல்மாடியில் ஏசி இரைகிற ஒரு சின்ன அறை. அங்கே ஆட்டின் சினைப்பையிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் செடிகொடிகளின் சாற்றை விட்டு, என்ன ஆகிறது என்று பார்ப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் "சின்னவ என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா "ரிசர்ச்" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போய்விடுவாள். அதற்குமேல் சொல்ல அவளுக்குத் தெரியாது. எனக்கும் சாப்பிடுகிற இடத்தில் சொல்லப் பிடிக்காது.

வேலை பம்மலில் தொடங்கும். அங்கே ஒரு கறிக்கடைக்காரர் காலையில் ஆடு அறுத்ததும் சினைப்பைகளை மட்டும் எனக்காகத் தனியே எடுத்து வைப்பார். கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். முதல்முறை போய்க் கேட்டபோது, "இத்த இன்னாத்துக்கும்மா கேக்கற, நாய்கூடத் துன்னாது" என்றார். இப்போது என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே கை கழுவப் போய்விடுகிறார். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் ஊற்றிய ஃபிளாஸ்கில் அவற்றைப் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வருவேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "காபியாம்மா? வாசனையே வரலையே" என்றார். "சூடு ஆறிடுச்சும்மா" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்திருப்பார்.

சினைப்பையின் மேல் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருக்கும். ஒவ்வொரு கொப்புளத்துக்குள்ளும் ஒரு முட்டை. அந்த முட்டையைச் சுற்றி, அதற்கு ஊட்டி வளர்க்கிற செல்கள் கூட்டமாக இருக்கும். ஊசி குத்தி அந்தச் செல்களை உறிஞ்சி எடுத்து, கழுவி, குழி குழியான பிளாஸ்டிக் தட்டில் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மறுநாள் அடியில் ஒட்டிப் பரவியிருக்கும். அப்புறம் சாற்றை விடவேண்டியது. கடைசியில் ஒரு மஞ்சள் மருந்து. உயிருள்ள செல் அந்த மஞ்சளைக் கத்திரிப்பூ நிறமாக மாற்றிவிடும். செத்த செல்லில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். எந்தச் சாற்றையும் விடாமல் ஒரு வரிசையை அப்படியே விட்டுவைப்போம். அதற்குப் பெயர் கண்ட்ரோல். அது இல்லாமல் கொண்டுபோகிற முடிவை என் வழிகாட்டிப் பேராசிரியர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "எதோட ஒப்பிட்டுப் பாத்தே?" என்பார். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

அக்கா முடிச்சூரில் இருக்கிறாள். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. அவளிடமும் குறையில்லை, அத்தானிடமும் குறையில்லை என்றார்கள். குறையில்லை என்று சொல்வதற்கு இத்தனை ஊசி எதற்கு என்று அக்கா கேட்டாள். குறை இருந்திருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். இரண்டாவது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இனிமேல் அந்தப் பக்கம் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அத்தானும் சரி என்றுவிட்டார். அப்புறம்தான் அவள் மாமியார் அந்த மரத்தைப் பற்றிச் சொன்னார்.

மரம் அக்கா வீட்டுத் தெருக்கோடியில், ஒரு பழைய குடியானவர் குடும்பத்தின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்து மனைகளெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலம். இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது தண்ணீர் நாள்கணக்காக வடியாமல் நின்று, முருங்கை, பப்பாளி, கொய்யா எல்லாம் அழுகிப் போயிற்றாம். இந்த மரம் மட்டும் இலையை உதிர்த்துவிட்டு மறுபடியும் தளதளவென்று துளிர்த்துவிட்டது. தண்ணீரே கொல்லமுடியாத மரம் என்று பேர் வந்துவிட்டது. மலைவேம்பு என்றார்கள். மலைவேம்பு என்றால் நம் ஊரில் சொல்லவே வேண்டாம். பிள்ளை இல்லாதவர்களுக்கு அதன் இலைச்சாறு. மாதவிலக்கு ஆன முதல் மூன்று நாளும் வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும்.

மூன்று நாள் என்பதில்தான் விஷயம். மற்ற நாளில் யாரும் போகமாட்டார்கள். எனவே ஒருத்தி காலையில் டம்ளரோடு அந்த மரத்தடி வரிசையில் நின்றால், இந்த மாதமும் இல்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். வராவிட்டால் அதுவும் தெரியும். பால்காரரிலிருந்து இஸ்திரி வண்டிக்காரர் வரை கணக்கு வைத்திருந்தார்கள். கோயிலுக்குப் போகக்கூடாது என்று ஒதுக்கிவைக்கிற அந்த நாளில், மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்த ஒரு மரத்தடிக்கு மட்டும் வரச்சொல்லுகிறார்கள். இதைச் சொல்லி நான் சிரித்தபோது அக்கா சிரிக்கவில்லை. "அங்க நிக்கறவங்க யாரும் என்னை 'விசேஷம் உண்டா'ன்னு கேக்கறதில்லடி. வேற எங்க போனாலும் கேக்கறாங்க" என்றாள். அதற்கப்புறம் நான் அதைப் பற்றிக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன்.

மரத்துக்காரம்மாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். வாடகை வீடுகளும் ஒரு சிமெண்டுக் கடையும் இருக்கின்றன. இலைக்குக் கை நீட்டி எதுவும் வாங்கமாட்டார். வாங்கினால் பலிக்காதாம். தானே பறித்து மிக்ஸியில் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, அரை டம்ளர் கொடுப்பார். கசப்பு குடலைப் புரட்டும் என்று அக்கா சொன்னாள். குடித்துவிட்டு யாரும் முகத்தைச் சுளிக்கக்கூடாது. சுளித்தால் அந்தம்மாவுக்குக் கோபம் வரும்.

எங்கள் ஆய்வகத்தில் அப்போது, பெண்கள் பிள்ளைப்பேறுக்காகக் குடிக்கிற மூலிகைகளை எடுத்துக்கொண்டு சினைப்பைச் செல்களில் சோதிக்கிற வேலைதான் நடந்துகொண்டிருந்தது. சார் ஒருநாள் கேட்டார், "புத்தகத்துல இருக்கறது இருக்கட்டும், உங்க பக்கத்துல ஜனங்க நிஜமா என்ன குடிக்கறாங்க?" நான் யோசிக்கவே இல்லை. மலைவேம்பு என்றேன். எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார். அக்கா தெருவில் இருக்கிற மரத்திலிருந்து என்றேன். அதே மரத்து இலையைக் கொண்டு வா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவே மரத்துக்காரம்மாவிடம் கேட்டு, பை நிறைய இலை பறித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. "நல்லா பாரு. அவசரப்படாத" என்றாள், ஏதோ பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி. எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சாறு பட்டதும் தட்டில் இருக்கிற செல்கள் ஜோராகப் பரவவேண்டும், அக்காவுக்கு ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஆராய்ச்சி செய்கிறவள் அப்படி நினைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், அவள் என் அக்கா.

நான் தட்டைத் தொடுவதற்கு முன்பே முடிச்சூரில் முடிவு வந்துவிட்டது. அக்கா வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்தவளிடம், "என் தங்கச்சி காலேஜ் லேப்ல இந்த இலையை டெஸ்ட் பண்றா" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. டெஸ்ட் பண்ணுகிறார்கள் என்பது சாயந்திரத்துக்குள் டெஸ்ட் பண்ணிவிட்டார்கள் என்று ஆகி, மறுநாள் டெஸ்டில் நல்லது என்று வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. நம் ஜனங்களுக்கு ஒரு பொருளை லேபுக்குக் கொண்டுபோனாலே போதும், அது பாஸ். அடுத்தமுறை நான் போனபோது மரத்துக்காரம்மா கேட்டில் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் தொங்கியது. "கல்லூரி ஆராய்ச்சிக் கூடத்தில் பரிசோதனை செய்யப்பட்ட மரம்." கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று போட்டிருந்தது. வரிசை தெருவின் பாதிவரைக்கும் நீண்டிருந்தது. மணிவாக்கத்திலிருந்தும் படப்பையிலிருந்தும்கூட வந்திருந்தார்கள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"நல்லதுதான? இன்னும் நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள் அக்கா.

"நான் இன்னும் ஒண்ணுமே பாக்கலையே."

"பாக்கத்தான போற."

அதோடு நிற்கவில்லை. மூன்று நாள் போதாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மாமியாரும் தலையாட்டினார். இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, ஒரு டப்பாவில் போட்டு, தினமும் காலையில் மோரில் கலந்து குடிக்க ஆரம்பித்தாள். இந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என்னிடமிருந்து வந்தது. "நீதான் பாத்துக்கறியே. ஏதாவதுன்னா சொல்ல மாட்டியா?" என்றாள். தலையைத் தண்ணீரில் அமுக்கின மாதிரி இருந்தது எனக்கு.

முதல் தட்டு சரியில்லை. சாறு குறைவாக விட்ட குழிகளில் செல்கள் கண்ட்ரோலைப் போலவே இருந்தன. சாற்றின் அளவு கூடக்கூடக் குறைந்தன. அதிகமாக விட்ட குழிகளில் செல்கள் பிடி விட்டு, உருண்டு, மேலே மிதந்தன. மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. சாற்றை எடுக்கப் பயன்படுத்திய ஆல்கஹாலின் வேலையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஆல்கஹாலை மட்டும் விட்ட குழிகளைப் பார்த்தேன். அவை கத்திரிப்பூ நிறத்தில் நன்றாகத்தான் இருந்தன. பெண்கள் குடிக்கிற மாதிரியே வெறும் தண்ணீரில், மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்து, வடிகட்டிச் செய்து பார்த்தேன். கொஞ்சம் தேவலை. ஆனால் அதிக அளவில் அதுவும் கொன்றது.

சார் பதறவில்லை. "மறுபடி பண்ணு. வேற ஆடு, வேற நாள். அப்புறம் பேசலாம்" என்றார்.

"சார், என் அக்கா இதை தினமும் குடிக்கறா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தட்டுல நேரா செல் மேல ஊத்தறோம். வாய் வழியாப் போறது வேற. குடல் இருக்கு, கல்லீரல் இருக்கு. சினைப்பை வரைக்கும் எவ்வளவு போகும்னு நமக்குத் தெரியாது. ஒண்ணுமே போகாமலும் இருக்கலாம். தட்டுல செத்துதுன்னா உடம்புல சாகும்னு நீ சொல்ல முடியாது."

"சாகாதுன்னு சொல்ல முடியுமா சார்?"

"அதுவும் முடியாது" என்றார்.

மறுபடியும் செய்தேன். பம்மலுக்குப் போவதும் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வருவதுமாக ஒரு மாதம் ஓடிற்று. ஒவ்வொருமுறையும் அதே கதைதான். இதற்கு நடுவில், மரம் எதுவென்று உறுதிசெய்யத் தாவரவியல் துறை மேடம் கேட்டிருந்த பூவும் காயும் கிடைத்தன. வெறும் இலையை வைத்து அடையாளம் சொல்லமாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். மரம் பூக்கிறவரைக்கும் காத்திருந்து, இளம் ஊதா நிறப் பூங்கொத்தையும் காயையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். லென்ஸை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மலைவேம்பு இல்லம்மா."

"அப்ப என்ன மேடம்?"

"அதுக்குப் பங்காளின்னு வச்சுக்கோயேன். பாக்க ஒரே மாதிரி இருக்கும். நிறைய பேர் ஏமாறுவாங்க. இதோட காய் விஷம். இலையைப் பத்தி நான் பேச மாட்டேன், ஆனா எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கொடுக்க மாட்டேன்."

நான் அப்படியே பஸ் ஏறி முடிச்சூர் போனேன். தெருவில் நுழையும்போதே இஸ்திரி வண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, அக்காவ ஒரு மாசமா மரத்தாண்ட காணோமே" என்றார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் புரிவதற்குள் வீடு வந்துவிட்டது.

அக்கா கதவைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெதுவாகத்தான் சொன்னாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, வீட்டிலேயே பார்த்தாயிற்று, இரண்டு கோடு. இன்னும் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஒன்பது வருடமாக அவள் உடம்பில் இருந்த ஒரு விறைப்பு அன்றைக்கு இல்லை. சமையலறை மேடைமேல் அந்த டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் மோர் டம்ளர்.

"இப்பவும் குடிக்கறியா?"

"கரு நிக்கணும்ல? அதனால நிறுத்தல."

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் ஒவ்வொரு நாளும் பயந்து சாவாள். சொல்லாவிட்டால் நாளைக் காலையிலும் ஒரு ஸ்பூன் உள்ளே போகும். அக்கா சந்தோஷமாக இருந்த அந்தப் பத்து நிமிடத்தைக் கெடுக்கிற வேலை எனக்கு வந்து வாய்த்தது என்று எரிச்சலாகக்கூட இருந்தது. மேடம் சொன்னதைச் சொன்னேன். தட்டில் பார்த்ததையும் சொன்னேன். சார் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன், உடம்பு வேறு, தட்டு வேறு, ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் இனிமேல் வேண்டாம் என்று.

"ஒன்பது வருஷம் கழிச்சு வந்திருக்குடி. இன்னிக்கா வந்து சொல்லுவ?" என்றாள்.

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

எழுந்து போய் டப்பாவை மூடி என் கையில் திணித்தாள். "எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படவேண்டாம்." வாசல்வரை வந்து, "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று ஒருதரம் கேட்டாள். ஆகாது என்றேன். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கருவைப் பிடிச்சுக் குடுத்த மருந்தை யாராவது பாதியில நிறுத்துவாங்களா? கல்யாணம் ஆகாத பொண்ணு, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார். அத்தை, நான் தினமும் பார்ப்பதே இதைத்தான் என்று வாய்வரை வந்தது. எதைப் பார்க்கிறேன், ஆட்டையா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அங்கிருந்து நேராக மரத்துக்காரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் ஆடுகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். அதே மரத்து இலை. நான் சொன்னதை முழுதும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை.

"இது மலைவேம்பு இல்லேன்னா இன்னா மரம்?"

சொன்னேன்.

"பேர் இன்னாவோ இர்ந்துட்டுப் போவுது. த பாரு பாப்பா, இந்த ஆடு நாலு வர்சமா இத்தத்தான் துன்னுகினு கீது. வர்சா வர்சம் ரெண்டு ரெண்டா போடுது. நீ செத்த ஆட்ட அறுத்துப் பாக்கற. நான் உசுரோட கீற ஆட்டப் பாக்கறேன். யாரு சொல்றத நான் நம்பட்டும்?"

ஆட்டின் குடல் வேறு, அது எதை எதையோ செரிக்கும் என்று சொன்னேன். எனக்கே அது நொண்டிச் சாக்குபோல் இருந்தது. என் தட்டில் இருப்பவை ஆட்டின் செல்கள்தானே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை. "காலேஜ் பேரைப் போட வேண்டாம்மா, அதையாவது எடுத்துடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். "அதுக்கு இன்னா, எட்த்துடறேன்" என்று அப்போதே ஃப்ளெக்ஸைக் கழற்றிச் சுருட்டி மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகினார். வரிசையில் நின்றவர்களிடமும் ஓரிரு நாள் போய்ச் சொல்லிப் பார்த்தேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெண், "உங்க அக்காவுக்கு மட்டும் நின்னுடுச்சு, எங்களுக்கு வேணாமா?" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி கேட்டாள். அக்காவே அந்த மரத்துக்கு விளம்பரம் ஆகிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்கப்புறம் சில வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அக்கா தினமும் போன் செய்வாள். வாந்தி வந்தால் சந்தோஷப்படுவாள், வராவிட்டால் பயப்படுவாள். முதல் ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். இதயத் துடிப்பைக் காட்டினார்களாம், விளக்கு மினுக்குகிற மாதிரி இருந்ததாம். ஆய்வகத்தில் தட்டை எடுப்பதையே தள்ளிப்போட்டேன். மிதக்கிற செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கமுடியாமல் கண்ணை எடுத்துவிடுவேன். சாரிடம் சொல்லி அந்த இலையை இன்னொருவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு வேறு செடி கொடுத்தார்.

அக்காவுக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே லேசாக உதிரம் பட்டது. கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நேரே போய்விட்டாள், நானும் தாம்பரத்திலிருந்து ஓடினேன். திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துடிப்பு நின்று சில நாள் ஆகியிருக்கலாம் என்றார்கள்.

டாக்டர் நல்ல மாதிரி. அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு சீக்கிரத்தில் கலைவதெல்லாம் பெரும்பாலும் கருவுக்குள்ளேயே இருக்கிற கோளாறுதான், யார் செய்ததும் இல்லை, நீங்கள் எதையும் செய்யவில்லை என்றார். அக்கா இலையைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் அதைக் கேட்டு முகம் சுளித்தார், இனி எதையும் இப்படிக் குடிக்காதீர்கள் என்றார். அதுதான் காரணமா என்று அத்தான் கேட்டதற்கு, "அப்படிச் சொல்ல முடியாது" என்றார். சார் சொன்ன அதே வாக்கியம். படித்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆரம்பித்துவிட்டார். நேராக என்னிடம் சொல்லவில்லை. ஹாலில் உட்கார்ந்து யாரிடமோ போனில், "நல்லாத்தான் இருந்துச்சு. நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்துனா. அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அவர் சொல்வது பொய் என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? தட்டில் என்றால் பக்கத்திலேயே இன்னொரு வரிசை இருக்கும், எதையும் குடிக்காத வரிசை. நிறுத்தின வரிசை, நிறுத்தாத வரிசை என்று எத்தனை வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவளுக்கு அந்தக் குழந்தை வந்தது ஒரே தடவை.

மத்தியானம் அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பாமலே பேசினாள்.

"உன்னை ஒண்ணு கேக்கறேன். தங்கச்சியா சொல்லாத. உங்க சார் கேட்டா எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு."

"கேளுக்கா."

"நான் குடிச்சதாலயா? இல்ல, நிறுத்துனதாலயா?"

சார் கேட்டிருந்தால் தெரியாது சார் என்றிருப்பேன். அதுதான் சரியான பதில். படித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத் தைரியமாகச் சொல்வதற்குத்தான். தெரியாது என்ற அந்த வார்த்தையை அவள் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு காலையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

"ரெண்டும் இல்லக்கா" என்றேன்.

இப்போது திரும்பினாள். அழுது வீங்கின கண்ணால் என் முகத்தையே பார்த்தாள். கணக்கு டீச்சர். பொய்யான விடையை வரியின் நடுவிலேயே பிடித்துவிடுகிறவள்.

"இதை உங்க சார் ஒத்துப்பாரா?"

"மாட்டார்."

அவள் தலையை அசைத்தாள். சுவர் பக்கமாக ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். வெளியே ஹாலில் போன் பேச்சு முடியவில்லை. அக்கா என் கையைத் தன் வயிற்றின் மேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

சொன்னேன்.